நைனாவுக்குச் சர்வீஸ் போன சாயங்காலம்

நம் வயதுக்காரர்கள் யாராவது இப்போது டிவியில் வாலிபால் பார்க்கிறீர்களா? நான் பார்க்கிறேன். பேரன் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவான், நான் உட்கார்ந்துகொண்டிருப்பேன். சர்வீஸ் போடுகிறவன் கோட்டுக்குப் பின்னால் எங்கேயோ போய் நின்றுகொண்டு, பந்தை உயரே எறிந்துவிட்டு, ஓடிவந்து எம்பி அடிக்கிறான். வெடி வெடித்த மாதிரிச் சத்தம். பாதி வலையில் மோதி விழுகிறது, இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே போகிறது. எதிராளிக்குச் சும்மா ஒரு பாயிண்ட். அடித்தவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறான். கூட ஆடுகிறவர்கள் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

சர்வீஸ் போனதற்கு எப்படி ஐயா சிரிக்க முடிகிறது?

அந்தக் காலத்துச் சட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் பாயிண்ட் எடுக்க முடியும். சர்வீஸைத் தப்பாகப் போட்டால் பாயிண்ட் போகாது, சர்வீஸ் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். கணக்குப் பார்த்தால் இப்போதைவிட அப்போது நஷ்டம் குறைவு. அதற்கே ஆண்பிள்ளைகள் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் நைனாவே பயந்திருக்கிறார், அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்துவிட்டது, எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நைனாவுக்கு ஜில்லா ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை. அவர் பிறந்தது பிச்சாட்டூர் பக்கம், அம்மா பிறந்தது திருத்தணிப் பக்கம். திருத்தணி அன்று சித்தூர் ஜில்லாதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆபீஸில் இங்கிலீஷ் என்று மூன்றையும் சமாளித்துக்கொண்டிருந்த மனிதர், தெலுங்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றதும் ஆடிப்போனார். அவருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஒருமுறை எழுதித் தோற்றிருந்தார். மறுபடியும் தோற்றால் நிறுத்திவிடுவார்கள் என்று ஆபீஸில் பேச்சு. நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததனாலேயே பயம் அதிகமாக இருந்தது.

"சர்வீஸ் போயிடும்" என்றுதான் அம்மா சொல்வாள். கவர்ன்மெண்ட் உத்தியோகத்தை வேலை என்று அன்று யார் சொன்னார்கள்? சர்வீஸ்தான். சர்வீஸில் சேர்ந்தார், சர்வீஸ் முடிந்தது, சர்வீஸில் கறுப்புப் புள்ளி விழுந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் சோறு போடும்போதும் வரும், எனக்குத் தலை பின்னும்போதும் வரும். அதைக் கேட்டாலே நான் வாயில் இருக்கிற சோற்றை மெல்லாமல் விழுங்கிவிடுவேன். சர்வீஸ் போனால் பள்ளிக்கூடம் போய்விடும், வீடு போய்விடும், ராத்திரி பிச்சாட்டூர் வண்டியில் மூட்டையோடு ஏற வேண்டியிருக்கும் என்று நானாகவே மனசுக்குள் எல்லாவற்றையும் கட்டிவைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆனால் நைனா அதே சொல்லை வேறு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டு கிரவுண்டுக்குக் கிளம்புவார். நானும் கூடப் போவேன். அவர் கைக்கடிகாரத்தையும் செருப்பையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆபீஸ்காரர்கள் ஒரு கட்சி, போலீஸ் லைனிலிருந்து வருகிறவர்கள் ஒரு கட்சி. தோல் பந்து. அதற்கு வாய் உண்டு. ரப்பர் பிளாடரை உள்ளே திணித்துக் காற்றடித்து, வாயை லேஸ் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். ஓங்கி அடிக்கிறவர்கள் உள்ளங்கையில் அந்த லேஸின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். புழுதியும் வியர்வையும் எண்ணெய் தடவிய தோலும் சேர்ந்த அந்தப் பந்தின் வாசனை இப்போதைய பந்து எதிலும் இல்லை, கடையில் எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டேன்.

நைனா போடுவது கீழ்க்கை சர்வீஸ். இடது கையில் பந்தை ஏந்தி, லேஸ் தன்னைப் பார்க்கும்படித் திருப்பிவைத்து, கொஞ்சம் குனிந்து, கீழிருந்து மேலே ஒரு தட்டு. அவ்வளவுதான். பந்து வேப்ப மரத்துக்கு மேலே போகும். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இறங்குகிற வெயில் கண்ணில் குத்த, எதிராளி நாலடி முன்னே வருவான், இரண்டடி பின்னே போவான், கடைசியில் எடுத்தும்விடுவான். தெலுங்குக்காரர்கள் அதற்கு 'தேவுடு சர்வீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறதாம். கேலிதான். ஆனால் நான் பார்த்தவரைக்கும் அந்தச் சர்வீஸ் ஒருநாளும் வலையில் விழுந்ததில்லை, ஒருநாளும் கோட்டைத் தாண்டியதில்லை.

போலீஸ் கட்சியில் ஒரு ஹவல்தார் இருந்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழர். அவர் போடுவது சுத்து சர்வீஸ். வலைக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, பந்தைத் தலைக்கு மேல் எறிந்து, நீட்டிய கையை முழு வட்டமாகச் சுற்றி அடிப்பார். பந்து தாழ்வாக வந்து, வலையைத் தாண்டியதும் பொத்தென்று இறங்கும். எடுத்தவன் முன்கை கன்றிப்போகும். பாதிக்குப் பாதி வலையில் விழும் அல்லது வெளியே போகும். உள்ளே விழுந்ததை எடுக்க மட்டும் ஆள் கிடையாது.

ஆட்டம் முடிந்து கலர் சோடா குடிக்கும்போது தினமும் இதே வாக்குவாதம்தான். எந்தச் சர்வீஸ் மேல்?

"எதிர்ல நிக்கறவன் பயப்படணும் சார். அதான் சர்வீஸு" என்பார் ஹவல்தார்.

"உள்ள வுழணும். அதான் சர்வீஸு" என்பார் நைனா. "பந்து அந்தப் பக்கம் போய்ட்டா அப்பறம் தப்பு பண்ண வேண்டியவன் அவன். நான் எதுக்குய்யா பண்ணணும்?"

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, நைனா சொல்வது எனக்கு நியாயமாகவே பட்டது. அவர் ஆபீஸிலும் அப்படித்தான் இருந்தார். எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டார், எந்தப் பக்கமும் பேசமாட்டார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது சர்வீஸ் மாறினால் கிரவுண்டில் 'சேஞ்ச்' என்று கத்துவார்கள். போட்ட சர்வீஸே வலையிலோ வெளியிலோ விழுந்தால்தான் 'சர்வீஸ் போச்சு'. நைனாவைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. திருத்தணிப் பக்கத்து அவர்கள் ஊரை மதராஸோடு சேர்க்கவேண்டும் என்று கிளர்ச்சி நடந்ததல்லவா, அதில் மாமாவும் கூட்டாளிகளும் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் போர்டில் தெலுங்கு எழுத்தின் மேல் தார் பூசிவிட்டார்கள். கூட இருந்தவர்களைப் போலீஸ் பிடித்துவிட்டது. மாமா கரும்புக் கொல்லை வழியாக ஓடி, எங்கெங்கோ சுற்றி, எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கக் கதவைத் தட்டினார். நகத்துக்குள் இன்னும் தார் இருந்தது. அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். தேய்க்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நீ இங்க இருக்கறது தெரிஞ்சா உங்க மாமாவுக்கு சர்வீஸ் போயிடும்டா."

"நான் வேணா போய்டறேன்க்கா."

"எங்கடா போவ? ஜெயிலுக்கா? கம்முனு உக்காரு."

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இருக்கட்டும்" என்றார்.

புளியும் விறகும் வைக்கிற உள் அறையில் மாமா இருந்தார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் அம்மா நாலாவது தட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் மூவரும் பேச்சை நிறுத்துவோம். எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டம் சாயங்காலம்தான். அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரர்கள் ஆடுகிற கிரவுண்டின் ஓரத்தில் நான் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஹவல்தார் பந்தை எடுக்க என் பக்கம் வந்தாலே கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன்.

மாமாவும் ஊரில் வாலிபால் ஆடியவர்தான். ஹவல்தார் போலவே சுத்து சர்வீஸ். வாய்த்துடுக்கும் உண்டு. அக்கா புருஷனை அவர் மாமா என்பார், அவரை நான் மாமா என்பேன்.

"கீழ்க்கை சர்வீஸ் பொம்பளைங்க போடறது மாமா. நீங்க ஆபீஸ்லயும் அதத்தான் போட்டுக்கினு இருக்கீங்க."

நைனா கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "சரி மச்சான், உன்னுத காட்டு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விளக்கு வைத்த பிறகு அந்த உள் அறையில், பந்து இல்லாமல், சத்தமில்லாமல் நைனா சுத்து சர்வீஸ் கற்றுக்கொண்டார். பந்து இருந்தாலும் போட முடியாது, அந்தச் சத்தத்துக்குத் தெருவே வந்துவிடும். மாமா அவர் இடுப்பைப் பிடித்துத் திருப்புவார். "தோள அசைக்காதீங்க, இடுப்பு சுத்தட்டும். கை சும்மா கூட வரணும். லேஸுக்கு எதிர்ப்பக்கம் அடிக்கணும்." நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத பந்தை மேலே எறிந்து, கையைச் சுற்றி அடிப்பார். நிழல் சுவரில் பெரிதாகச் சுற்றும். நான் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருப்பேன்.

ஒவ்வொரு அடிக்கும் மாமா என்னைப் பார்த்து, "பாப்பா, எங்க வுழுந்துச்சு?" என்று கேட்பார்.

"உள்ள" என்பேன். நைனாவுக்காக ஒவ்வொரு தடவையும் உள்ளே என்றுதான் சொல்வேன்.

"உங்க அம்பயர் சரியில்ல மாமா" என்பார் மாமா. நைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டில் யாரும் சிரித்தார்கள் என்றால் அந்த அறையில்தான், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு.

ஆனால் கிரவுண்டுக்குப் போனால் நைனா பழைய தேவுடு சர்வீஸையே போட்டார். ஏன் நைனா என்று கேட்டேன். "பயமாக் கீதும்மா. வெளிய போய்ட்டா?" என்றார்.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் ஹவல்தார் என் எதிரே குந்தி உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, உங்க ஊட்டுக்கு விருந்தாளி வந்துகிறாங்களா?"

"இல்லியே."

"பச்சைக் கரை வேட்டி ஒண்ணு கொடியில காய்ஞ்சிக்கினு இருந்துச்சு. உங்க நைனா பச்சைக் கரை கட்ட மாட்டாரே."

"நைனாவுதுதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மாமாவின் அந்த வேட்டியைக் கரையோடு கிழித்து அடுப்பில் போட்டாள். ஹவல்தார் சும்மாதான் கேட்டிருப்பார் என்று இன்று தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்ற எங்கள் வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. மறுநாளிலிருந்து நான் கிரவுண்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால்தான் எல்லாம் நடந்த அந்தச் சாயங்காலம் நான் அங்கே இல்லை.

அன்று போலீஸ் கட்சியோடு பெரிய மேட்ச். அம்மாவும் நானும் தெருமுனைக் குழாயடியில் நின்றிருந்தோம். பித்தளைக் குடம் பாதி நிறைந்திருந்தது. ஆபீஸ் பியூன் கிரவுண்டுப் பக்கமிருந்து சைக்கிளில் வேகமாக வந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா! அய்யகாரிகி சர்வீசு போயிந்தி!"

ஐயாவுக்குச் சர்வீஸ் போய்விட்டதாம். வாய் பிளந்தபடியே தலையை ஆட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். ஒரு கணம் கிரவுண்டுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் கிரவுண்டில் நைனாவின் சர்வீஸ் போகவே போகாதே! என் புத்திக்கு அதுதான் எட்டியது. அந்தச் சர்வீஸ் போக வழியே இல்லை என்பதால் இந்தச் சர்வீஸ்தான் போயிருக்க வேண்டும். வேட்டியைப் பார்த்துவிட்டார்கள், மாமா இருப்பது தெரிந்துவிட்டது, நைனாவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. குடத்தை விட்டுவிட்டு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நைனாவின் ஆபீசர் வீடு இரண்டு தெரு தள்ளி. தெலுங்குக்காரர். அவர் வீட்டில் இல்லை, மேட்ச் பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரிந்தது கடைத்தெருத் தெலுங்கு. அழுகையில் அதுவும் பாதி தமிழாகிவிட்டது.

"அம்மா, மா தம்முடு மா இண்ட்லோ உன்னாடு, என் தம்பி எங்க ஊட்லதான் கீறான்... சின்னப் பையன்மா, புத்தி இல்லாம தார் பூசிட்டான்... ரேப்பே பம்பிச்சேஸ்தானு, நாளைக்கே அனுப்பிடறேன்... எங்க ஊட்டுக்காரர் மேல தப்பே இல்ல, அவர் சர்வீஸ எடுத்துராதீங்கம்மா..."

"சர்வீசா? எவரு செப்பாரு?" என்றார் அந்த அம்மாள். யார் சொன்னது என்று அவர் கேட்ட விதத்தில், அவருக்கு எதுவுமே தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. அவள் அழுகை சட்டென்று நின்றது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் அவரைக்காயைத் தள்ளிவைத்தார். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குக் குங்குமம் இட்டுவிட்டார்.

"நுவ்வு செப்பலேது. நேனு வினலேது."

நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? ஆனால் அம்மா நம்பவில்லை. திரும்பி வருகிற வழியில், "எங் கண்ணு மேல கைய வெச்சி சத்தியம் பண்ணு. இத யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றாள். தெருவில் நின்றபடியே அவள் கண் மேல் கை வைத்துச் சொன்னேன். இமை சூடாக இருந்தது. குழாயடிக்கு வந்து பார்த்தால் குடத்தைக் காணோம். கல்யாணத்தில் அம்மாவுக்கு வந்த குடம் அது.

நைனா இருட்டும்போது வந்தார். சட்டையெல்லாம் புழுதி. கையில் ஜாங்கிரிப் பொட்டலம். "பாஸ்!" என்று வாசலிலேயே சொன்னார். "தெலுங்கு பாஸ் ஆயிட்டேன்! மத்தியானம்தான் தகவல் வந்துச்சு. இனிமே சர்வீஸுக்கு ஒரு பயமும் இல்ல!"

மாமா உள் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். நைனா அவரிடம் ஏதோ சொல்ல ஆவலாகக் கையைத் தூக்கினார்.

"தெலுங்குல பாஸா?" என்றார் மாமா. "அங்க என் ஆளுங்க ஜெயில்ல கீறாங்க. ரொம்ப சந்தோஷம் மாமா." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தூக்கிய கையை நைனா மெதுவாக இறக்கினார். பிறகு முற்றத்துக்கு வந்து எங்களுக்கு மட்டும் மெல்லிய குரலில் சொன்னார். பரீட்சையில் தேறிய தெம்பு. இனி எது போனாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டதாம். தன் முறை வந்ததும் பக்கவாட்டில் திரும்பி நின்று, மச்சான் சொன்ன மாதிரியே இடுப்பைச் சுற்றி அடித்தாராம். பந்து சீறிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்ததாம். "இவ்ளோதான்" என்று தரையில் சாண் வைத்துக் காட்டினார். "எல்லாரும் சர்வீஸ் போச்சு, சர்வீஸ் போச்சுன்னு ஒரே கூச்சல்! ஆபீசரே எழுந்து கை தட்டினார்னா பார்த்துக்கோயேன். மச்சான் கிட்ட நாளைக்கு சொல்லிக்கலாம், இப்ப கோவமா கீறான்."

அம்மா ஜாங்கிரிப் பொட்டலத்தை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் ரவிக்கையில் ஊறியது. குடம் எங்கே என்று நைனா கேட்டார். தொலைந்துவிட்டது என்றாள்.

விடிந்ததும் நைனா கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரத்தில் அம்மா மாமாவை எழுப்பினாள். "போலீசுக்குத் தெரிஞ்சி போச்சு. காட்பாடி வண்டி புடிச்சி போய்டு. இப்பவே கெளம்பு."

"யார் சொன்னது?"

அம்மா துண்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். மாமா ஆணியில் தொங்கிய நைனாவின் சட்டையைப் பார்த்தார். நேற்றைய புழுதி அதில் இருந்தது.

"பாஸ் எப்படி ஆச்சுன்னு இப்ப புரியுதுக்கா" என்றார்.

இல்லை என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். 'சொன்னது நான்தான்டா' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் உதடு இரண்டு தடவை பிரிந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார். நைனா ஈர வேட்டியோடு வந்து, காலியான அறையைப் பார்த்துவிட்டு, "சொல்லாம போய்ட்டானா?" என்று கேட்டார். அந்தச் சுத்து சர்வீஸ் செய்தியைச் சொல்ல அவர் குளிக்கும்போதே வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

போலீஸ் வரவில்லை. தினமும் வரும் என்று காத்திருந்தோம். ஒருநாள் நிஜமாகவே ஹவல்தார் காக்கி உடுப்போடு வாசலில் வந்து நின்றார். அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. அவர் வந்தது, ஆபீஸ், போலீஸ் இரண்டு கட்சியிலும் ஆள் எடுத்துத் திருப்பதி டோர்னமெண்டுக்குப் போகிறோம், காலையில் பாகாலா வழியாகப் போகிற வண்டிக்கு நைனா வரவேண்டும் என்று சொல்லத்தான். "சார் அடிச்ச சர்வீஸ் பத்திதான் லைன்ல பூரா பேச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆபீசர் மனைவி தன் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார். மாமா ஓடியிருக்கவே வேண்டாம்.

திருப்பதிக்கு என்னையும் கூட்டிப்போனார் நைனா. அங்கே ஒரு காலேஜ் வாத்தியார் மூன்றாவது வகை சர்வீஸ் போட்டார். பந்தைத் தலைக்கு நேரே பிடித்து உள்ளங்கையால் மொத்தென்று ஒரு குத்து, குத்தியதும் கையை நிறுத்திவிடுவார். பந்து சுழலாது. லேஸ் அப்படியே நம்மைப் பார்த்தபடி, இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று தள்ளாடிக்கொண்டு வரும். 'தாகுபோத்து சர்வீஸ்' என்றார்கள், குடிகாரன் சர்வீஸ். ஹவல்தாரின் சுத்து சர்வீஸையாவது எங்கே வருகிறது என்று தெரிந்து அடி வாங்கலாம், இதில் அதுவும் இல்லை. நம் ஆட்கள் திணறிப்போனார்கள். மூன்றிலும் எது பலமானது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதிரே நிற்கிறவன் தன் பயத்தாலேயே தப்பு பண்ணுவான்.

நைனாவின் முறை வந்தபோது எல்லோரும் "சுத்து சார், சுத்து!" என்று கத்தினார்கள். ஹவல்தார்கூடக் கத்தினார். நைனா குனிந்து, லேஸைத் தன் பக்கம் திருப்பிவைத்து, கீழ்க்கையில் தட்டினார். மலையைப் பார்த்துப் போன பந்து திரும்பி வந்து எதிராளி கையில் விழுந்தது. ஏன் நைனா என்று வண்டியில் கேட்டேன். "கத்துக் குடுத்தவன் பாக்கல, அப்பறம் இன்னாத்துக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் கையைச் சுற்றி அடித்ததேயில்லை.

எல்லை தீர்ந்தது. மாமா ஊர் மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். கேஸெல்லாம் எப்போதோ கரைந்துபோய்விட்டது. அம்மா மட்டும் தம்பி வீட்டுக்குப் போவாள், வருவாள். மாமா எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நைனா காட்டிக்கொடுத்துப் பரீட்சையில் தேறிய மனிதர். நைனாவுக்குக் காரணமே தெரியாது. 'தெலுங்கு பாஸ் பண்ணதுக்கா இவ்ளோ கோவம்?' என்று எப்போதாவது கேட்பார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். நைனா கடைசிவரை சர்வீஸில் இருந்து, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனார். அவருக்குச் சர்வீஸ் போகவேயில்லை.

அம்மா இறந்தபோது மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா கூடத்தில் நாற்காலியில் இருந்தார், மாமா முற்றத்துத் தூணோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் குழாயடியில் நின்ற அதே பயம் வந்தது. அம்மா கண் மேல் கை வைத்துச் சொன்ன சத்தியம். அவள் போன பத்தாம் நாளே அவள் பேரில் குற்றம் சொல்வதா? சொல்லாவிட்டால் இவர் இப்படியே எழுந்து பஸ் ஏறிவிடுவார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பியூன் சொன்னதை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று சொன்னேன், ஆபீசர் வீட்டு அம்மாளிடம் பேசியது அம்மாதான் என்று சொன்னேன், நைனாவுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்குப் போன சர்வீஸ் எந்தச் சர்வீஸ் என்றும் சொன்னேன்.

மாமா நிமிரவில்லை. கீழே கிடந்த பூவிதழைக் கால்விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். அக்காவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கைய சுத்தியா அடிச்சாரு?"

"ஆமா மாமா."

"கிரவுண்டுல? எல்லாரும் பாக்க?"

"ஆமா."

அப்போதுதான் நிமிர்ந்தார். "பாப்பா, எங்க வுழுந்துச்சு?"

உள்ளே என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. "வெளிய மாமா" என்றேன். தரையில் சாண் வைத்துக் காட்டினேன்.

அந்த இடத்தில் தன் கையையும் வைத்து அளந்து பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து எழுந்து, கூடத்துக்குள் போய், நைனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நைனாவுக்கு அப்போது காது மந்தம். மாமா உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இடுப்ப இன்னும் கொஞ்சம் சுத்தியிருந்தா உள்ள வுழுந்திருக்கும் மாமா."

நைனா அவரைக் குனிந்து பார்த்தார். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

"காத்து மச்சான்" என்றார். "அன்னிக்கு காத்து அடிச்சிக்கினு இருந்துச்சு."